தண்ணீர் என்று சொல்லக்கூடாத வீடு

மாணவர் விடுதி, உம்தாதா
மார்ச் 3, 1996

அன்புள்ள சோலேகா அக்காவுக்கு,

உன் தம்பி லொயிசோ எழுதுவது. எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பசி மட்டும் உண்டு. நீயும் உன் மாமனார் மாமியாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றும், பிசானா பக்கம் மழை பெய்து சோளம் நிமிர்ந்து நிற்கிறது என்றும் நம்புகிறேன். வெல்கம் சுரங்கத்தில் அத்தான் எப்படி இருக்கிறார்? ஈஸ்டருக்கு வருகிறாரா?

எனக்கு இங்கே தலை சுற்றுகிறது. மூன்றாவது பாடமாக மொழியியல் அறிமுகம் என்று ஒன்றை எடுத்துத் தொலைத்தேன். நாலைந்து மொழி கற்றுத் தருவார்கள், ஊரில் வந்து அலட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு மொழியும் கற்றுத் தரவில்லை. இருக்கிற ஒன்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது. டாக்டர் தியாலி என்று ஓர் அம்மாள். முதல் வகுப்பில் ஒரு குவளைத் தண்ணீரை மேசைமேல் வைத்தார். "இதுக்கு ஏன் அமன்சின்னு பேரு? யாராவது சொல்லுங்க" என்றார். யாருக்குத் தெரியும்?

"காரணமே கிடையாது. எல்லாருமாச் சேர்ந்து ஒத்துக்கிட்டோம், அவ்வளவுதான். நாளைக்கு இதை நாற்காலின்னு சொல்லலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டா, தாகம் எடுத்தா நாற்காலியைக் குடிச்சிட்டுப் போகலாம்."

வகுப்பே திருதிருவென்று விழித்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லையாம். அடுத்த வகுப்பில் இன்னொரு குண்டு. எழுத்து மொழியே அல்ல, வாயால் பேசுவதுதான் மொழி என்றார். அதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் பார்த்து எழுதிக்கொண்டேன். எழுதியது என்ன என்றுதான் இன்னும் புரியவில்லை.

இப்போது ஒரு உதவி. ஊரில் இருக்கும் ஒருவரிடமிருந்து நூறு சாதாரணச் சொற்களை, அவர் வீட்டில் பேசுகிற மாதிரியே, அவர் கைப்பட எழுதி வாங்கி வரவேண்டும். தண்ணீர், தீ, கண், நாக்கு, நாய், இப்படி. அப்பாவிடம் கேட்டால் நூறு வசவு வரும். உன்னை விட்டால் எனக்கு யார்? தாள் இதோடு வைத்திருக்கிறேன்.

எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

உன் தம்பி,
லொயிசோ


பிசானா
மார்ச் 24

தம்பி லொயிசோவுக்கு,

நொகாயா எழுதிக்கொள்வது. ஆமாம், அதுதான் இந்த வீட்டில் என் பெயர். கல்யாணத்தன்று வைத்தார்கள், நீயும் அங்கேதான் நின்றாய், இறைச்சித் தட்டில் கண்ணாக இருந்திருப்பாய். உறையில் சோலேகா என்று எழுதித் தொலைத்ததால், உன் கடிதம் தபால் கொடுக்கும் கடையில் யாரோ ஒரு சோலேகாவுக்காகக் காத்துக் கிடந்தது. இங்கே எல்லாரும் நலம். மாமனாருக்கு மட்டும் முட்டிவலி. உன் பசியைக் கேட்டு மாமியார் வருத்தப்பட்டார்.

அவர் எப்படிக் கேட்டார் என்கிறாயா? வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் நாத்தனார் புமேசாதான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவாள். இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த தடவை அவளுக்கும் ஒரு வணக்கம் போட்டுவிடு, இல்லாவிட்டால் உன்னுடையதை வேகமாக வாசித்துவிடுவாள்.

சொற்களை எழுதிவிட்டேன். தண்ணீர் என்ற இடத்தில் "நனைப்பது" என்றிருக்கும். பார்த்துவிட்டுச் சிரிக்காதே. என் மாமனார் பெயர் உனக்குத் தெரியும். நீ சொல்லலாம், நான் சொல்லக்கூடாது. அந்தப் பெயரின் தலையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்த ஒலி சாகும்வரை என் வாயில் வரக்கூடாது. மாமியாருக்கோ அவருடைய மாமனார் பெயரில் தீ இருக்கிறது. அதையும் நான் சேர்த்து விட்டுவிட வேண்டும். ஆக இந்த வீட்டில் நனைப்பதை ஊற்றிச் சுடுவதை அணைக்கிறோம்.

வந்த புதிதில் ஒருநாள் ஓடையிலிருந்து வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது கால் இடறிப் பாதி வார்த்தை வெளியே வந்துவிட்டது. மாமியார் காதில் விழுந்துவிட்டது.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"பாதி சொன்ன."

"பாதி சொன்னா பாதிப் பேருதானே அத்தை?"

"அப்ப பாதி வாளியைக் கொட்டிட்டு மறுபடியும் போய்க் கொண்டா."

சொல்லுக்கும் பொருளுக்கும் உறவில்லை என்கிற உன் டாக்டர் அம்மாளை ஒரு நாள் இங்கே அனுப்பி வை. வாளியும் கொடுத்து அனுப்பு.

ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா,
நொகாயா


உம்தாதா
ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா நொகாயாவுக்கும், வாசிக்கிற புமேசாவுக்கும் தனித்தனியாக வணக்கம்.

நான் நலம். விடுதியில் சோளமும் பீன்ஸும் வாரம் முழுக்கப் போடுகிறார்கள், அதில் பீன்ஸைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. மாமனாரின் முட்டிவலி குறைந்ததா?

உன் பட்டியலால் வகுப்பில் ஒரே கூத்து. டாக்டர் தியாலி கரும்பலகையில் ஒவ்வொரு மொழியிலும் தண்ணீருக்கு என்ன என்று வரிசையாக எழுதினார். சோத்தோக்காரர்களுக்கு மெட்சி, மலாவிக்காரர்களுக்கு மாட்சி, அதற்கும் வடக்கே மாஜி, நமக்கு அமன்சி. எல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளாம். அந்தத் தாயை யாரும் கேட்டதில்லை, பார்த்ததில்லை. ஆனாலும் பிள்ளைகளின் முகத்தை வைத்து அவள் முகத்தை வரைந்துவிடலாம் என்கிறார். ஒலி மாறினால் எல்லாச் சொல்லிலும் ஒரே சீராகத்தான் மாறுமாம், விதிவிலக்கே கிடையாதாம். அப்புறம் என் முறை வந்தது. எழுந்து "நனைப்பது" என்றேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நம் பேச்சில் நாக்கைச் சொடுக்கிப் பேசுகிற ஒலிகள் இருக்கின்றனவே, அவைகூட உன்னைப் போன்ற மருமகள்கள் பெயரை மறைப்பதற்காகப் பக்கத்து இனத்தாரிடமிருந்து வாங்கிக்கொண்டதாக இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்களாம். விதிவிலக்கே கிடையாது என்றவர், விதிவிலக்கைப் பார்த்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்படுகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இப்போது அவருக்கு இரண்டு வரிசை வேண்டும். ஒரு பக்கம் மருமகள் சொல், எதிர்ப்பக்கம் சாதாரணச் சொல், இரண்டும் உன் கையெழுத்தில். நான் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். பயப்படாதே அக்கா. எழுத்து மொழியே அல்ல என்று சொன்னேன் இல்லையா? ஒன்று கவனித்தேன். பால் என்ற சொல்லை அவர் பலகையில் எழுதுவார், ஆனால் வாயால் சொல்லமாட்டார், சாக்கட்டியால் தட்டிக் காட்டுவார். மூத்த மாணவர்களிடம் விசாரித்தேன். அவர் மாமனார் பெயரில் பால் இருக்கிறதாம்! அவ்வளவு படித்தவரே எழுதுகிறார் என்றால் எழுதுவதில் தப்பில்லை என்றுதானே அர்த்தம்?

அத்தானைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? கணவன் பெயரோடு கணவனையும் சொல்லக்கூடாதா உங்கள் வீட்டில்?

உன் தம்பி,
லொயிசோ


பிசானா
மே 5

தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இரு. மாமனாருக்கு முட்டி தேவலை, மாமியாருக்குப் பல்வலி. புமேசாவுக்கு உன் வணக்கம் பிடித்திருந்தது, இரண்டு தடவை வாசித்தாள்.

உன் தாளை நிரப்ப நேரமில்லை. அறுவடை வேலை. சுடுவதன் முன்னாலும் நனைப்பதன் பின்னாலும் ஓடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. போன வாரம் வெல்கத்திலிருந்து இந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். எல்லாருக்கும் சோப்பு கொண்டுவந்தார். நல்ல வாசனை.

உன் டாக்டர் அம்மாளிடம் ஒன்று கேட்டுச் சொல். சொல் என்பது எல்லாருமாகச் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் என்றாரே, அந்த ஒப்பந்தத்தை ஒரே ஒரு ஆள் மீறினால் என்ன ஆகும்? மற்றவர்கள் அந்த ஆளை என்ன செய்வார்கள்? உடனே கேட்டு எழுது. உன் பாடத்தில் எனக்கும் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அக்கா,
நொகாயா


உம்தாதா
மே 19

அன்புள்ள அக்காவுக்கும் புமேசாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதற்குள் கை வேறு எங்கோ ஓடுகிறது, அவ்வளவு மகிழ்ச்சி. என் அக்கா மொழியியல் கேள்வி கேட்கிறாள்! அத்தையின் பல்வலிக்கு உப்பும் வெந்நீரும் வைத்துக் கொப்பளிக்கச் சொல்.

கேட்டேன். "ஒரே ஆளு மீறினா மொழிக்கு ஒண்ணும் ஆகாது. அந்த ஆளைத்தான் வெளியே நிறுத்திடுவாங்க" என்றார். எல்லாரும் சேர்ந்து மீறினால் அதற்குப் பெயர் மாற்றமாம். ஒருவர் மீறினால் பிழை, ஊரே மீறினால் வரலாறு என்று நானே ஒரு வாக்கியம் செய்து பரீட்சைக்காக வைத்திருக்கிறேன். எப்படி?

பரீட்சை நெருங்குகிறது. தயவுசெய்து அந்த இரண்டாவது வரிசையை எழுதி அனுப்பு. சத்தம் போடாமல் எழுது, அவ்வளவுதான்.

உன் தம்பி,
லொயிசோ


லுசிகிசிகி
ஜூன் 9

மகன் லொயிசோவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். அம்மா உன் சுகத்தை விசாரிக்கிறாள், அழுதுகொண்டே.

உன் அக்கா வந்திருக்கிறாள். புதன்கிழமை பேருந்திலிருந்து தோள்போர்வையும் ஒரு பையுமாக இறங்கினாள். கூட அவளுடைய சின்ன மாமனார். மனுஷன் உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

"உங்க பொண்ணு எங்க மாட்டுப்பட்டி வாசல்ல நின்னுக்கிட்டு, எங்க அண்ணன் பேருல இருக்கற வார்த்தையை ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினா. கையில ஒரு காகிதம். தம்பி படிக்கிற படிப்பாம். தப்புக்கு அபராதமா ஒரு ஆட்டோட வந்தா உள்ள வரட்டும். ஆடு இல்லாம வாசல் பக்கம் வர வேண்டாம்."

பட்டி வாசல் மருமகள் மிதிக்கவே கூடாத இடம். அங்கே போய் நின்று அதைச் சொல்லியிருக்கிறாள். கேட்டால் "ஆமாப்பா, சொல்லிட்டேன்" என்கிறாள். அதற்குமேல் வாயைத் திறப்பதில்லை. பீன்ஸ் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன்னைப் படிக்க அனுப்பினேன், அக்காள் குடித்தனத்தைக் கலைக்க அனுப்பவில்லை. நம் ஆடுகள் கோடை நோயில் போனது உனக்குத் தெரியும். உன் டாக்டர் அம்மாளிடம் ஆடு இருக்கிறதா என்று கேள்.

அப்பா


உம்தாதா
ஜூலை 7

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது. நான் நன்றாக இல்லை. பரீட்சை முடிந்துவிட்டது, விடுமுறைக்கு இங்கேயே நூலகத்தில் வேலைக்கு நிற்கிறேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

ஏன் அக்கா உரக்கப் படித்தாய்? எழுது என்றுதானே சொன்னேன்? சத்தம் போடாமல் எழுது என்று அடித்துச் சொன்னேனே! அதுவும் பட்டி வாசலில் போய் ஏன் நின்றாய், வெளிச்சத்துக்காகவா? எப்படி யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. அறுவடைக் களைப்பில் கால்போன இடத்தில் நின்றுவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன். எல்லாப் பாவமும் என்னுடையது. டாக்டர் தியாலியிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நான் வகுப்புல சொன்னது வகுப்புக்குத்தான் தம்பி" என்றார்.

நீ ஒன்றும் செய்யாதே. ஆட்டுக்கு நான் பொறுப்பு. உன்னை உன் வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் மறு வேலை. ஒரு வரி பதில் போடு. திட்டியாவது போடு.

லொயிசோ


உம்தாதா
ஆகஸ்ட் 4

என் அருமை அக்கா,

நீ பதில் போடவில்லை. கோபம் என்று தெரியும். இதைப் படித்ததும் கோபமெல்லாம் பறந்துவிடும். சுகமா என்று இனிமேல் நான் கேட்கவேண்டியதில்லை, சுகமாகிவிட்டாய்!

மாமாவைப் பிடித்தேன், அம்மாவின் தம்பியை. அவர் பட்டியிலிருந்து ஒரு கிடாயை ஓட்டிக்கொண்டு, நேற்று இருவரும் நேராகப் பிசானா போனோம். வாசலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். ஆடுகூட அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. அப்புறம் உன் சின்ன மாமனார் வந்து, "இவன்தானா அந்தக் காகிதக்காரன்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே உட்கார்ந்ததும் விளக்கிச் சொல்லலாம் என்று, சொல் என்பது வெறும் ஒப்பந்தம், பெயருக்கும் ஆளுக்கும் இயற்கையான சம்பந்தம் எதுவும் இல்லை என்று ஆரம்பித்தேன். மாமா என் தொடையைக் கிள்ளினார்.

உன் மாமனார் மட்டும் அக்கறையாகக் கேட்டார். "அந்த டீச்சரம்மா என்ன சொல்லுது? மன்சானாங்கற பேருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைங்குதா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப இவ்வளவு நாளா இவங்கள்லாம் யாருக்குப் பயந்துக்கிட்டு இருந்தாங்க?"

அவரே முதலில் சிரித்தார். அப்புறம் உன் மாமியாரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டை வாங்கிக்கொண்டார்கள் அக்கா! நீ வாசலில் கால் வைக்கும்போது அறுப்பார்களாம். வருகிற சனிக்கிழமை, பத்தாம் தேதி, உன்னை அழைத்துப்போக ஆட்கள் வருகிறார்கள். அப்பாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

புமேசாதான் ஒரு மாதிரியாக நடந்துகொண்டாள். வழியனுப்ப வந்தவள், "இவ்வளவு தூரம் ஆட்டை இழுத்துட்டு வந்தீங்களே, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றேன். "ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விட்டாள். என்ன அர்த்தம் என்று பேருந்து முழுக்க யோசித்தேன்.

மகிழ்ச்சியோடு,
லொயிசோ


லுசிகிசிகி
ஆகஸ்ட் 1

லொயிசோ,

சுகம் விசாரிப்பதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. இந்த வீட்டில் என் கடிதங்களை அப்பா பார்த்துவிட்டுத்தான் தபாலுக்கு அனுப்புகிறார். இன்றைக்கு மருந்தகத்துக்கு வந்த இடத்தில் செவிலியிடம் காகிதம் வாங்கி எழுதுகிறேன், அவளே போட்டுவிடுவாள்.

ஆடு கொண்டுபோகாதே. தயவுசெய்து எங்கேயும் ஆடு தேடாதே.

நான் களைப்பில் கத்தவில்லை. உன் பாடத்துக்காகவும் கத்தவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, பட்டி வாசலுக்கு வேண்டுமென்றே போய், ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன். உன் தாளை ஒரு சாக்குக்காகக் கையில் வைத்துக்கொண்டேன்.

சோப்பு கொண்டுவந்தவர் சேதியும் கொண்டுவந்தார். உன் அத்தானுக்கு வெல்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். குழந்தை நடக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே நடந்த காரியம், மாமியாருக்கு அப்போதே தெரியும். "ஆம்பளைன்னா அப்படித்தான், நீ வீட்டைப் பாரு" என்றார். வீட்டைப் பார்க்கத்தான், வாளி தூக்கத்தான் என்னைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மாமனாருக்கு என்னோடு சேர்ந்துதான் தெரியும். அன்று அவர் மாடுகளிடம் போய் நின்றுகொண்டார். இதையெல்லாம் புமேசா வாசிக்கிற கடிதத்தில் நான் எப்படி எழுதுவேன்?

நானாக வெளியேறினால், என்னைப் பெண் எடுக்க அவர்கள் கொடுத்த மாடுகளை அப்பா திருப்பித் தர வேண்டும். அதில் பாதி இப்போது இல்லை. ஏன் இல்லை என்று நீ கேட்டதில்லை. விற்றுத்தான் உன்னை அங்கே சேர்த்தார்கள். அவர்களாக என்னை வேண்டாம் என்று சொன்னால் மாடு இங்கேயே நிற்கும். ஒப்பந்தத்தை மீறுகிற ஆளை வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று நீதானே எழுதினாய்? அதைப் படித்த பிறகுதான் வழி தெரிந்தது. அப்பாவிடம் ஆடு கிடையாது. இன்னும் கொஞ்ச நாள் ஆடு போகாவிட்டால், அவர்களே கோபித்துக்கொண்டு கைகழுவிவிடுவார்கள். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு பீன்ஸ் உரிக்கிறேன்.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ சும்மா இருந்தால் போதும்.

சோலேகா


உம்தாதா
ஆகஸ்ட் 7

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. அதற்குள் நான் எழுதியது உன்னிடம் வந்திருக்கும். ஆடு அங்கே இருக்கிறது. அவர்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். சனிக்கிழமை வருகிறார்கள். என் கையால் கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்தேனே அக்கா!

என்ன செய்வது? ஆட்டைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்டால் மாமாவை அவமானப்படுத்தியதாகும். படிப்பை விட்டுவிட்டு மாட்டுக்கு வேலை செய்யட்டுமா? சனிக்கிழமை அங்கே வந்து நிற்கட்டுமா? நான் தொட்டதெல்லாம் உன்னை அந்த வீட்டுக்கே தள்ளுகிறது. வந்தால் இன்னும் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பேருந்து நிலையம்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நூறு சொல் கேட்டவனுக்கு உன்னிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை. எதையாவது சொல் அக்கா, அதன்படி செய்கிறேன்.

லொயிசோ


லுசிகிசிகி
ஆகஸ்ட் 18

அன்புத் தம்பி லொயிசோவுக்கு,

நான் நலம். அம்மா நலம், முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். அப்பா நலம், முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடைசிக் கடிதம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. நீ வராததும் நல்லதுதான். வந்திருந்தால் எதையாவது விளக்கியிருப்பாய்.

சனிக்கிழமை சின்ன மாமனாரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அப்பா ஊர்த் தலைவரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அம்மா என் தலைத்துணியைப் புருவம்வரை இழுத்துக் கட்டிவிட்டாள். என் பை வாசலில் தயாராக இருந்தது. போய்விடுவேன் என்றே நினைத்தேன். சின்ன மாமனார், "நொகாயா, கிளம்பலாமா?" என்றார்.

வரமாட்டேன் என்று சொன்னால் மாடு போய்விடும். அதனால் நான் மரியாதையாக எழுந்து நின்று, நலம் விசாரித்தேன்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க" என்றேன். அந்தச் சொல்லையே சொன்னேன். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "வாய் தவறிடுச்சு, வாய் தவறிடுச்சு" என்று அம்மா குறுக்கே ஓடிவந்தாள். நான் நிறுத்தவில்லை.

"மன்சானா சுகமா இருக்காரா? மன்சானாவுக்கு முட்டிவலி தேவலையா? மன்சானா நேரத்துக்குச் சாப்பிடறாரா?"

சின்ன மாமனார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பொண்ணையும் நீங்களே வெச்சுக்கோங்க, மாட்டையும் நீங்களே வெச்சுக்கோங்க. அந்த ஆட்டையும் திருப்பி அனுப்பறோம். இந்த வாய் எங்க வீட்டுக்கு வேண்டாம்!" என்று கத்தினார்.

அப்பா மெதுவாக, "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். என்ன சொன்னீங்க, தலைவருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். மனுஷன் கோபத்தில் முன்னைவிடச் சத்தமாக அவ்வளவையும் திருப்பிச் சொன்னார். அப்பாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் எப்போது புரிந்துகொண்டார் என்று இன்றுவரை தெரியாது. அவர்கள் போனதும் என் பையை எடுத்து அவரே உள்ளே வைத்தார்.

திங்கட்கிழமை பக்கத்து ஊர்க்காரர் வண்டியில் புமேசா வந்தாள், ஆட்டோடு. வீட்டில் இரண்டு நாள் பெரிய சண்டையாம். மாமியார் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாராம், நல்லவேளை, திட்டுவதற்கு அவருக்குத் தடையான சொல் அதிகம் இல்லை. மாமனார் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'எப்படிச் சொன்னா? சத்தமாவா, மெதுவாவா?'ன்னு கேட்டாரு. சத்தமா, முழுசா, மூணு தடவைன்னு கூடப் போன பொம்பளைங்க சொன்னாங்கன்னேன். 'திட்டற மாதிரியா?'ன்னாரு. 'இல்லப்பா, சுகம் விசாரிக்கிற மாதிரி'ன்னேன். எங்க அப்பத்தா செத்ததுக்கு அப்புறம் எந்தப் பொம்பளையும் அவரு பேரைச் சொன்னதே இல்ல அக்கா. அப்புறம் அவரே போய் ஆட்டை அவுத்துட்டு வந்தாரு."

சனிக்கிழமை அழாதவள் அப்போது அழுதேன். அந்த வீட்டில் என்னை மனுஷியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேனே என்று நெஞ்சு வலித்தது. அவருக்காக ஒரு நிமிடம், போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு புமேசாவுக்குச் சாப்பாடு போட்டேன்.

நான் போகமாட்டேன் தம்பி. யார் கேட்டாலும் இதையே சொல். உன் ஆடு அம்மாவின் தோட்டத்தில் நுழைந்து வாய்க்குக் கிடைத்ததையெல்லாம் மேய்கிறது, வந்து ஓட்டிக்கொண்டு போ.

உன் அக்கா,
சோலேகா